பதிவேட்டிடம் ஒரு கேள்வி

வாழைத்தார் வெட்டும் நாளில் எங்கள் தொட்டியம் பகுதி விடிவதற்கு முன்பே விழித்துவிடும். காவிரியின் வடகரைத் தோட்டங்களில் பூவனும் ரஸ்தாளியும் கற்பூரவள்ளியும் வெட்டி, தலைச்சுமையாகக் கொண்டுவந்து, வண்டியில் அடுக்கி முடிக்க ஆட்கள் இருட்டிலேயே கிளம்ப வேண்டும். அப்படிக் கிளம்புகிறவர்களில் பலர் நம் பிள்ளைகளின் தாய்மார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் ஒன்பதாம் வகுப்புக்கு வகுப்பு ஆசிரியராக இருந்தேன். பொங்கல் விடுமுறைக்குப் பிறகு ஒரு மாணவி பள்ளிக்கு வரவில்லை. ஒரு வாரம் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனேன். அவளுடைய அம்மா பாய் விரித்து உட்காரச் சொன்னார். பிறகு சொன்னார்: "ஆவணியிலேருந்தே திங்கக்கெழம அவ வரலயே டீச்சர். எனக்கு அன்னிக்குத் தார் வெட்டு. சின்னவனப் பாத்துக்க ஆள் இல்ல. யாரும் ஏன்னு கேக்கல. சரி, போனா என்ன போகாட்டி என்னன்னு விட்டுட்டோம்."

பள்ளிக்குத் திரும்பியதும் வருகைப் பதிவேட்டை எடுத்துப் புரட்டினேன். அவர் சொன்னது உண்மை. திங்கள், திங்கள், திங்கள் என்று வரிசையாக என் கையெழுத்திலேயே குறித்திருந்தேன். ஆனால் மாதக் கடைசியில் நான் கூட்டிப் பார்த்தது மொத்த நாட்களை மட்டும்தான். 22 வேலை நாட்களில் 18 நாள் வந்திருந்தால் அது ஏறத்தாழ 82 விழுக்காடு. காய்ச்சல், உறவினர் திருமணம், ஊர்த் திருவிழா என்று இந்த அளவுக்கு விடுப்பு எடுக்கும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. 82 என்ற எண் என்னை நிறுத்தவில்லை.

அவளிடம் தனியாகப் பேசியபோது இன்னொன்றும் தெரிந்தது. திங்களன்று நடத்திய கணக்கு புரியாமல் செவ்வாயன்று வகுப்பில் உட்கார அவளுக்குப் பயமாக இருந்திருக்கிறது. பிறகு செவ்வாயும் சில நாள் நின்றிருக்கிறாள். அந்தக் கணக்கு ஆசிரியரும் நான்தான்.

தகவல் என்னிடம் இருந்தது. நான் அதை எழுதிக்கொண்டே இருந்தேன், அதனிடம் எதுவும் கேட்கவில்லை. பதிவேட்டிடம் கேள்வி கேட்க உதவும் ஓர் எளிய கருவியைப் பற்றி, அதன்பின் நான் கற்றுக்கொண்டதைச் சக ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்வதே இந்தக் கட்டுரை. அந்தக் கருவியின் பெயர் எஸ்க்யூலைட்.

நம் பாடநூலிலேயே இருக்கிறது

நான் கணினி ஆசிரியர் அல்ல. கணிதப் பட்டதாரி ஆசிரியர். இந்தப் பெயரை முதலில் பார்த்தது நம் பன்னிரண்டாம் வகுப்பு கணினி அறிவியல் பாடநூலில்தான். 2019-இல் வெளிவந்த அந்தப் புத்தகத்தின் 15-ஆம் பாடம், பைத்தான் மொழியிலிருந்து எஸ்.க்யூ.எல். கட்டளைகளைக் கொண்டு தரவுகளைக் கையாள்வதைச் சொல்கிறது. அதில் பயன்படுத்தப்படும் தரவுத்தளம் எஸ்க்யூலைட். மேல்நிலை வகுப்பில் தேர்வுக்காகப் படிக்கப்படும் அந்தப் பாடம் ஒரு வகுப்பு ஆசிரியருக்கும் உதவும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

தரவுத்தளம் என்றதும் குளிரூட்டப்பட்ட அறையில் ஓடும் பெரிய கணினிகள் நினைவுக்கு வரும். வங்கி, ரயில் முன்பதிவு, நமது எமிஸ் போன்றவை அப்படிப்பட்டவைதான். அங்கே சர்வர் என்னும் தனி நிரல் எப்போதும் விழித்திருக்கும். நம் கணினி வலையமைப்பின் வழியாக அதனிடம் கேட்கும். அது தேடிப் பதில் அனுப்பும். சர்வர் நின்றாலோ இணையம் இல்லாவிட்டாலோ பதில் இல்லை.

எஸ்க்யூலைட்டில் சர்வர் கிடையாது. அது ஒரு லைப்ரரி. அதாவது, வேறொரு நிரல் தனக்குள் சேர்த்துக்கொண்டு பயன்படுத்தும் சிறு நிரல் தொகுப்பு. சுமார் 1 எம்.பி. அளவுதான் இருக்கும். தரவு முழுவதும் ஒரே ஒரு கோப்பில் இருக்கும். அந்தக் கோப்பைப் பென் டிரைவில் நகலெடுத்தால் தரவுத்தளம் முழுவதையும் நகலெடுத்ததாக அர்த்தம். நிறுவ வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம், இணையம் வேண்டாம். 2006-இல் வந்த பைத்தான் 2.5 பதிப்பு முதல் இந்த வசதி பைத்தானோடு சேர்ந்தே வருகிறது.

இப்படி ஒன்று பிறந்த காரணமும் பொருத்தமானது. 2000-ஆம் ஆண்டு ரிச்சர்ட் ஹிப் என்ற அமெரிக்க நிரலாளர், அந்நாட்டுக் கடற்படையின் போர்க்கப்பல் ஒன்றுக்கான மென்பொருளில் வேலை செய்துகொண்டிருந்தார். அந்த மென்பொருள் ஒரு பெரிய தரவுத்தள சர்வரை நம்பியிருந்தது. சர்வர் நின்றுவிட்டால், தரவுத்தளத்துடன் இணைய முடியவில்லை என்ற செய்திதான் திரையில் வரும். கோப்பு அதே கணினியில் இருக்கும்போது நேரடியாக அதிலிருந்தே படித்தால் என்ன என்று அவர் யோசித்தார். அந்த ஆண்டு ஆகஸ்டில் எஸ்க்யூலைட்டின் முதல் பதிப்பு வெளிவந்தது. அதற்கு உரிமக் கட்டணம் இல்லை. பதிப்புரிமையையே விட்டுக்கொடுத்துப் பொதுச்சொத்தாக அறிவித்துவிட்டார்கள்.

இன்று நாம் ஒவ்வொருவரும் அதைப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறோம். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் தொடர்பு எண்கள் இருப்பது எஸ்க்யூலைட் கோப்பில். வாட்ஸ்அப் செய்திகள் கைப்பேசியில் சேமிக்கப்படுவதும் அதில்தான். ஃபயர்பாக்ஸ் உலாவியின் புத்தகக்குறிகளும் அப்படியே. ஒரு பெயரைத் தேடியதும் பழைய செய்தி நொடியில் வந்து நிற்பதற்குப் பின்னால் ஒரு வினவல் ஓடுகிறது. அதே வினவலை நம் வகுப்புப் பதிவேட்டின்மீதும் ஓட்டலாம்.

எக்செல் போதாதா?

நியாயமான கேள்வி. ஒரு தேர்வின் மதிப்பெண்ணைக் கூட்ட, சராசரி காண, தரவரிசைப்படுத்த எக்செல் போதும். அதற்கு எஸ்க்யூலைட் தேவையில்லை.

ஆனால் வருகைப் பதிவேட்டை எக்செல்லில் நாம் எப்படிப் போடுகிறோம்? பெயர்கள் கீழ்நோக்கி, தேதிகள் பக்கவாட்டில், மாதத்துக்கு ஒரு தாள். கையால் எழுதிய பதிவேட்டின் படமே அது. "ஐந்து மாதத்தில் எந்தப் பிள்ளை எந்தக் கிழமையில் அதிகம் வரவில்லை?" என்று கேட்டால் ஐந்து தாள்களையும் சேர்த்து, கிழமைகளைப் பிரித்து, எண்ண வேண்டும். செய்ய முடியும். மாதாமாதம் யாரும் செய்வதில்லை, நான் செய்யவில்லை.

தரவுத்தளம் வேறு விதமாக எழுதச் சொல்கிறது: ஒரு நிகழ்வுக்கு ஒரு வரி. நான் அமைத்தவை இரண்டே அட்டவணைகள்.

முதல் அட்டவணை 'மாணவர்'. அதில் சேர்க்கை எண், பெயர், ஊர் என்று மூன்று நெடுவரிசைகள். ஒரு மாணவருக்கு ஒரு வரி.

இரண்டாவது அட்டவணை 'விடுப்பு'. அதில் சேர்க்கை எண், தேதி, காரணம் என்று மூன்று நெடுவரிசைகள். ஒரு பிள்ளை ஒரு நாள் வராவிட்டால் ஒரு வரி. வந்த நாட்களை எழுதுவதில்லை. அதனால் தட்டச்சு வேலை மிகக் குறைவு.

விடுப்பு அட்டவணையில் பெயரை ஏன் எழுதவில்லை? கவிதா என்று ஒரு வகுப்பில் இருவர் இருக்கலாம். ஒரே பிள்ளையின் பெயரை 'மு. கவிதா' என்று ஒரு நாளும் 'கவிதா மு' என்று இன்னொரு நாளும் எழுதிவிடுவோம். நமக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு இருவர். சேர்க்கை எண் மாறாது. இந்த எண்ணைத்தான் பாடநூல் முதன்மைத் திறவுகோல் என்கிறது.

கேள்வி கேட்கும் விதம்

எஸ்.க்யூ.எல். கட்டளைச் சொற்களை ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும். ஆனால் அட்டவணைக்கும் நெடுவரிசைக்கும் தமிழிலேயே பெயர் வைக்கலாம். எஸ்க்யூலைட் அதை ஏற்றுக்கொள்கிறது. என் அட்டவணைகள் தமிழ்ப் பெயர் கொண்டவை. நான் கேட்ட கேள்வியைக் கட்டளைச் சொற்களின் ஒலிப்போடு கீழே தருகிறேன்:

செலக்ட் பெயர், எஸ்டிஆர்எஃப்டைம்('%டபிள்யூ', தேதி) ஆஸ் கிழமை, கவுன்ட்(*)
ஃப்ரம் மாணவர் ஜாயின் விடுப்பு யூசிங் (சேர்க்கை_எண்)
குரூப் பை சேர்க்கை_எண், கிழமை
ஹேவிங் கவுன்ட்(*) >= 5
ஆர்டர் பை கவுன்ட்(*) டெஸ்க்

பார்க்கப் புதிராக இருக்கும். தமிழில் படித்தால் எளிது: "மாணவர் அட்டவணையையும் விடுப்பு அட்டவணையையும் சேர்க்கை எண்ணால் இணை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு கிழமைக்கும் தனித்தனிக் குவியல் வை. ஒவ்வொரு குவியலிலும் எத்தனை வரிகள் என்று எண்ணு. ஐந்தோ அதற்கு மேலோ உள்ளவற்றை மட்டும் வைத்துக்கொள். பெரியதை மேலே காட்டு."

கிழமையை நாம் எழுதவே வேண்டாம். தேதியிலிருந்து அதுவே கணக்கிட்டு, ஞாயிறுக்கு 0, திங்களுக்கு 1 என்று தொடங்கிச் சனிக்கு 6 வரை தரும். ஆனால் ஒரு நிபந்தனை: தேதியை ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில் எழுத வேண்டும். 2024 நவம்பர் 18 என்பதை 2024-11-18 என்று எழுதினால் அது திங்கள் என்று சரியாகச் சொல்லும். 18/11/2024 என்று நம் வழக்கப்படி எழுதினால் அதைத் தேதியாகவே அது புரிந்துகொள்ளாது.

பைத்தானில் இதை ஓட்டப் பாடநூல் சொல்லும் படிகளே போதும். முதலில் எஸ்க்யூலைட்3 என்ற தொகுதியை இறக்குமதி செய்கிறோம். கனெக்ட் கட்டளையால் கோப்பைத் திறக்கிறோம். கோப்பு இல்லாவிட்டால் அதுவே உருவாக்கிக்கொள்ளும். கர்சர் ஒன்றை உருவாக்குகிறோம். எக்ஸிகியூட் கட்டளையில் வினவலைக் கொடுக்கிறோம். ஃபெட்ச்ஆல் கட்டளையால் விடையைப் பெறுகிறோம். எல்லாம் சேர்த்துப் பத்து வரிகளுக்குள் முடியும்.

பைத்தானே வேண்டாம் என்பவர்களுக்கு டிபி பிரவுசர் ஃபார் எஸ்க்யூலைட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. எக்செல் போலவே கட்டங்களில் தட்டலாம். வினவல் எழுதத் தனிப் பகுதி உண்டு. எக்செல் தாளை சி.எஸ்.வி. கோப்பாகச் சேமித்து அதில் ஏற்றவும் முடியும்.

அந்த ஆண்டின் ஜூன் முதல் டிசம்பர் வரையிலான விடுப்புகளை மூன்று மாலைகளில் தட்டி முடித்துவிட்டு மேற்கண்ட கேள்வியைக் கேட்டேன். ஒரு நொடிகூட ஆகவில்லை. முதல் வரியில் அந்த மாணவியின் பெயர். கிழமை 1. எண்ணிக்கை 14.

அக்டோபரில் கேட்டிருந்தாலும் அவள் பெயர் வந்திருக்கும்.

கணக்கு வகுப்போடு ஒரு தொடர்பு

இதைக் கற்றுக்கொண்டபோது கணித ஆசிரியராக எனக்கு ஒரு மகிழ்ச்சி கிடைத்தது. இந்த முறைக்கு அடித்தளம் போட்டவர் ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்த எட்கர் காட். அவர் 1970-இல் வெளியிட்ட கட்டுரையில் தரவுகளை அட்டவணைகளாகவும், ஒவ்வோர் அட்டவணையையும் கணிதத்தில் நாம் சொல்லும் 'உறவு' ஆகவும் பார்த்தார். பத்தாம் வகுப்பு கணக்கின் முதல் பாடம் 'உறவுகளும் சார்புகளும்'. இரு கணங்களின் கார்டீசியன் பெருக்கல், அதன் உட்கணமே உறவு என்று நாம் கரும்பலகையில் எழுதுகிறோமே, அதுதான் இது.

ஜாயின் என்ற சொல்லைப் பிள்ளைகளுக்கு இப்படி விளக்கலாம். மாணவர் கணத்தில் 38 உறுப்புகள். விடுப்புக் கணத்தில் 300 உறுப்புகள் என்று வைத்துக்கொள்வோம். கார்டீசியன் பெருக்கலில் 38 × 300 = 11,400 வரிசைச் சோடிகள். அவற்றில் இருபுறமும் சேர்க்கை எண் சமமாக உள்ள சோடிகளை மட்டும் எடுத்தால் 300 கிடைக்கும். அந்த உட்கணமே ஜாயின். "இந்தப் பாடம் வாழ்க்கையில் எங்கே பயன்படும்?" என்று கேட்கும் பிள்ளைக்குச் சொல்ல இப்போது என்னிடம் ஒரு பதில் இருக்கிறது: "உன் வாட்ஸ்அப்பில்."

ஒன்பதாம் வகுப்பின் 'கண மொழி' பாடத்துக்கும் இது உதவும். 'அண்ட்' என்பது வெட்டு. 'ஆர்' என்பது சேர்ப்பு. 'நாட்' என்பது நிரப்பி. எங்கள் பிள்ளைகள் தங்கள் தெருவில் விசாரித்து வாழை ரகம், நட்ட மாதம், கன்றுகளின் எண்ணிக்கை ஆகியவற்றை ஓர் அட்டவணையாக்கினார்கள். "பூவன், ஆனால் ஆடிப் பட்டத்தில் நடாதது" என்று அவர்களே கேள்வி அமைத்து விடை பெற்றார்கள். வென்படம் வரைந்தபோது புரியாத சிலருக்கு அன்று புரிந்தது.

தமிழில் தட்டும்போது கவனிக்க வேண்டியவை

முதலாவது, எழுத்துரு. பாமினி, வானவில் போன்ற பழைய முறைகளில் தட்டிய கோப்புகள் நம் பள்ளிகளில் இன்னும் நிறைய இருக்கின்றன. அவற்றை ஏற்றினால் எஸ்க்யூலைட்டுக்குத் தெரிவது பொருளற்ற ஆங்கில எழுத்துகளே. யூனிகோடுக்கு மாற்றிய பிறகே ஏற்ற வேண்டும்.

இரண்டாவது, ஒரே எழுத்தை இரண்டு விதமாகத் தட்ட முடியும். தொட்டியத்தின் 'தொ'வில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம். கொம்பு தனி, கால் தனி என இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். எஸ்க்யூலைட் உள்ளே இருக்கும் குறியெண்களை ஒப்பிடுவதால் இரண்டும் வேறு ஊர்கள் என்று முடிவு செய்துவிடும். 'ஊர் தொட்டியம்' என்று கேட்டபோது சில பிள்ளைகள் விடுபட்டதற்கு இதுதான் காரணம் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. எல்லாவற்றையும் ஒரே விசைப்பலகையில் தட்டுவது நல்லது. ஊர்ப் பெயர்களுக்குத் தனி அட்டவணை வைத்து எண் கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது.

மூன்றாவது, அகரவரிசை. யூனிகோடு பட்டியலில் 'ன' என்பது 'ந'வுக்கு அடுத்து வருகிறது. 'ற' என்பது 'ர'வுக்கு அடுத்து வருகிறது. எஸ்க்யூலைட் பெயர்களை அந்தப் பட்டியலின்படியே வரிசைப்படுத்தும். ஆகவே விடை நம் அகராதி வரிசையில் இருக்காது. பெயர்ப் பட்டியல் அச்சிடும்போது இதை நினைவில் கொள்ள வேண்டும்.

நான் செய்த தவறுகள்

முதல் நாள் மாலை இரண்டு மாத விடுப்புகளைப் பைத்தான் வழியே ஏற்றிவிட்டு நிம்மதியாக மூடினேன். மறுநாள் திறந்தால் அட்டவணை காலி. மாற்றங்களை உறுதிசெய்யும் கமிட் என்ற கட்டளையை நான் கொடுக்கவில்லை. அது வரும்வரை எழுதியவை எல்லாம் தற்காலிகம்தான். எரிச்சலாக இருந்தது. ஆனால் இதில் ஒரு நன்மையும் உண்டு. பாதி வேலையில் மின்சாரம் போனால், கடைசியாக உறுதிசெய்த நிலைக்கே கோப்பு திரும்பும். பாதி எழுதிய குழப்பம் மிஞ்சாது. மின்தடை பழகிய நமக்கு இது பெரிய ஆறுதல்.

இரண்டாவது தவறு, ஒரே விடுப்பை இரண்டு முறை ஏற்றியது. ஒரு பிள்ளை ஒரே நாளில் இருமுறை வராமல் இருக்க முடியாது. அட்டவணை உருவாக்கும்போதே சேர்க்கை எண்ணும் தேதியும் சேர்ந்த சோடி மீண்டும் வரக்கூடாது என்று யுனிக் என்னும் கட்டுப்பாட்டால் சொல்லிவிடலாம். பிறகு இரண்டாவது முறை தட்டினால் அதுவே மறுத்துவிடும்.

மூன்றாவது, நம்பிக்கை. எண் மட்டுமே வர வேண்டிய இடத்தில் எழுத்தைத் தட்டினாலும் எஸ்க்யூலைட் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். மாணவர் அட்டவணையில் இல்லாத சேர்க்கை எண்ணை விடுப்பில் எழுதினாலும் இயல்பு நிலையில் தடுக்காது. தடுக்க வேண்டுமானால் அயல் திறவுகோல் சரிபார்ப்பை ஒவ்வொரு முறை கோப்பைத் திறக்கும்போதும் நாம் இயக்க வேண்டும். கருவி எளிமையானது, அதனால் கவனம் நம்முடையது.

பெயரையோ எண்ணையோ வெளியிலிருந்து வாங்கி வினவலில் சேர்க்கும்போது, அதை வினவல் வரிக்குள் நேரடியாக ஒட்டக்கூடாது. அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி வைத்து, மதிப்பைத் தனியாகக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பெயரில் உள்ள ஒரு மேற்கோள் குறிகூடக் கட்டளையைக் குலைத்துவிடும்; கெட்ட எண்ணம் உள்ளவர் அந்த வழியாகத் தன் கட்டளையையே நுழைத்துவிட முடியும். இந்தப் பழக்கத்தை மாணவர்களுக்கு முதல் நாளிலேயே சொல்லிக்கொடுப்பது நல்லது.

எங்கே பயன்படுத்தக் கூடாது

எமிஸ் தளத்துக்கோ அரசின் செயலிக்கோ இது மாற்று அல்ல. அங்கே செய்ய வேண்டிய பதிவுகளை அங்கேதான் செய்ய வேண்டும். இது வகுப்பு ஆசிரியர் தன் வகுப்பைப் புரிந்துகொள்ள வைத்திருக்கும் குறிப்பேடு போன்றது. ஒரே நேரத்தில் ஒருவர் மட்டுமே கோப்பில் எழுத முடியும் என்பதால், பள்ளி முழுவதும் பலர் ஒரே சமயத்தில் எழுதும் பணிக்கும் இது ஏற்றதல்ல.

இன்னொன்று முக்கியம். நகலெடுக்க எளிது என்பது இதன் வசதி. அதுவே இதன் ஆபத்து. சாதாரண எஸ்க்யூலைட் கோப்புக்குப் பூட்டு கிடையாது. பென் டிரைவ் தொலைந்தால் பதிவேடு தொலைந்ததாக அர்த்தம். ஆதார் எண், வங்கிக் கணக்கு, சமூகம், நோய் விவரம் எதையும் இதில் எழுதாதீர்கள். கேள்விக்குத் தேவையில்லாத எதுவும் அட்டவணையில் இருக்க வேண்டாம். 2023-இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர்களின் தரவைக் கூடுதல் கவனத்தோடு கையாளச் சொல்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அது நம் கடமைதான். தலைமை ஆசிரியரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். வாழை ரகம், மழையளவு, நூலகப் புத்தகங்கள் போன்றவற்றைக் கொண்டு பயிற்சி செய்யுங்கள். பிள்ளைகளின் விவரங்களை மாணவர்களின் செய்முறைப் பயிற்சிக்குக் கொடுக்காதீர்கள்.

பட்டியலுக்குப் பிறகு

அடுத்த ஆண்டு முதல் ஒவ்வொரு மாதக் கடைசியிலும் அந்த வினவலை ஓட்டுகிறேன். முதல் முறை மூன்று பெயர்கள் வந்தன. ஒருவன் உண்மையில் வந்திருந்தவன். வாரத்தில் ஒரு நாள் அவன் ஊர்ப் பேருந்து தாமதமாக வரும். பதிவேடு மூடிய பிறகு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். தவறாகக் குறித்தவள் நான். இன்னொருத்தி தாத்தாவை வாரந்தோறும் மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறவள். மூன்றாவது பெயருக்குப் பின்னால் எந்தக் காரணமும் இல்லை; இரண்டு காய்ச்சலும் மூன்று திருமணங்களும் தற்செயலாக வெள்ளிக்கிழமைகளில் அமைந்துவிட்டன.

மூன்று பெயர்களும் திரையில் ஒன்றுபோலவே தெரிந்தன. எது பேருந்து, எது தாத்தா, எது தற்செயல் என்று எஸ்க்யூலைட்டுக்குத் தெரியாது. யாரிடம் போய்க் கேட்க வேண்டும் என்பதை மட்டும் அது சொல்லும். போய்க் கேட்பது நம் வேலை. பட்டியலில் பெயர் வந்துவிட்டதே என்று வகுப்பில் எழுப்பி நிறுத்திக் கேட்டால், அடுத்த மாதம் அந்தப் பிள்ளை எல்லாக் கிழமையும் வராமல் போகலாம்.

அந்த ஒன்பதாம் வகுப்பு மாணவிக்கு என்ன ஆனது என்று சொல்லி முடிக்கிறேன். அவள் தம்பிக்கு அப்போது இரண்டரை வயது. அங்கன்வாடியில் பேசினோம். திங்கட்கிழமைகளில் அவள் தம்பியை அங்கே விட்டுவிட்டு அரைமணி நேரம் தாமதமாக வரத் தலைமை ஆசிரியர் அனுமதித்தார். முதல் பாடவேளை கணக்காக இருந்ததை நான் நான்காவது பாடவேளைக்கு மாற்றிக்கொண்டேன். விட்டுப்போன பாடங்களை மதிய உணவுக்குப் பிறகு சிறிது சிறிதாகப் படித்தாள். பத்தாம் வகுப்பு தேறி, மேல்நிலையில் சேர்ந்தாள். கணினி அறிவியல் பிரிவு.

சென்ற முறை வந்தபோது பாடநூலின் 15-ஆம் பாடத்தில் ஒரு சந்தேகம் கேட்டாள். குரூப் பை எதற்கு என்று புரியவில்லையாம். விளக்குவதற்கு என்னிடம் ஓர் எடுத்துக்காட்டு தயாராக இருந்தது. அதைச் சொல்லாமல், வாழை ரகங்களை வைத்து விளக்கி அனுப்பினேன்.